அப்பா முகர்ந்து பார்த்த மாட்சா டப்பா

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் அப்பா முப்பத்தெட்டு வருடம் டீக்கடை வைத்திருந்தார். 2023 ஏப்ரலில் முதல்முறையாக டோக்கியோ வந்தார். அவருக்கு என் கையால் ஒரு மாட்சா, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கி நுரைக்க அடித்த தேநீர், போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. நிஷி-கசாயில் எங்கள் வீட்டுச் சமையலறை சின்னது, சாப்பாட்டு மேசையும் அதற்குள்தான். அப்பா அங்கே உட்கார்ந்து, நான் தூள் போட்டதையும் வெந்நீர் ஊற்றியதையும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அந்த டப்பாவ இங்க கொண்டா."

மூடியைத் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணை மூடி ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தார். டீத்தூள் மூட்டை கடையில் வந்து இறங்கும்போது அவர் இப்படி இழுத்துப் பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"தூளு செத்துப்போச்சும்மா. எப்ப உடைச்ச?"

ஜனவரியில் உடைத்தது. மூன்று மாதமாக அது அடுப்புக்கு மேல் தட்டில், மஞ்சள்தூளுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. அப்பா கொஞ்சம் தூளை விரலால் தொட்டு, என் மகளின் நோட்டிலிருந்து கிழித்த வெள்ளைத்தாளில் இழுத்துக் காட்டினார். காய்ந்த முருங்கை இலையின் நிறம். ஜப்பானுக்கு வந்து ஆறு வருடம், அதுவரை மாட்சா என்றாலே கசப்பும் வைக்கோல் வாடையும்தான் என்று நினைத்திருந்தேன். கடைகளில் குடித்தது நன்றாக இருந்தால், அது அவர்கள் கைப்பழக்கம் என்று விட்டுவிடுவேன்.

இரண்டு நாள் கழித்து 20 கிராம் டப்பா ஒன்று புதிதாக வாங்கி வந்தேன். அதையும் தாளில் இழுத்தார். பழைய கோட்டுக்குப் பக்கத்தில் அது வயலில் நாற்று நிற்கிற மாதிரி பளிச்சென்று இருந்தது. வாசம் பாலாடைக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. "இது உசுரோட இருக்கு" என்றார்.

அந்த மூன்று மாதம் அப்பா கூட இருந்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி அவர் சொன்னது. மீதி எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் வியாழக்கிழமை தோறும் தேநீர் வகுப்பு எடுக்கும் சென்செய் சொன்னது. அவருக்கு எண்பது வயது இருக்கும். அப்பாவுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, சென்செய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருவரும் முதலில் பார்ப்பது ஒரே இடத்தை: தூள், தண்ணீர், கை. இந்த வரிசையில்.

முதலில் தூள். மே மாத நடுவில் அப்பாவைத் தேயிலைக்குப் பேர்போன உஜி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கியோட்டோவிலிருந்து நாரா தடத்தில் ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. உஜி பாலத்தின் முனையில் 1160-இல் தொடங்கியதாகச் சொல்லும் ட்சூஎன் தேநீர்க்கடை இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1672-இல் கட்டியது. அப்பா வாசலில் நின்று மனக்கணக்குப் போட்டார். "தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டி நூத்தம்பது வருசத்துல ஆரம்பிச்ச கடையா?" உள்ளே ஒரு பெண் டப்பா மூடிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ஊருக்கு வெளியே தோட்டங்கள் கறுப்புத் துணிக்கடியில் கிடந்தன. மாட்சாவுக்கான செடிக்குப் பறிப்பதற்கு முன் மூன்று நான்கு வாரம் வெயில் காட்ட மாட்டார்கள். முன்பெல்லாம் நாணல் பாயும் வைக்கோலும் பரப்பிப் பந்தல் போட்டார்களாம், இன்றும் சிலர் அப்படியே செய்கிறார்கள். நான் விளக்கத் தொடங்குவதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "வெத்தலக் கொடிக்கால் மாதிரி." என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது தாமிரபரணிக் கரை ஆத்தூரில், வெற்றிலை ஊர். அங்கே அகத்தியை நட்டு அதன் நிழலில்தான் கொடியை ஏற்றுவார்கள், நிழலில் வளர்ந்த வெற்றிலை மெல்லிசாக இருக்கும். தேயிலையிலும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். தேயிலைக்கு இனிப்பும் ஒருவகை ரசச் சுவையும் தருவது தியனைன் என்ற பொருள். வேரில் உண்டாகி இலைக்கு ஏறும் அது, வெயில் பட்டால் துவர்ப்பைத் தரும் கேட்டகின்களாக மாறத் தொடங்கும். நிழல் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. வெளிச்சம் போதாமல் இலையும் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது, அந்த அடர்பச்சை இப்படித்தான் வருகிறது.

பறித்த இலையை ஆவியில் வாட்டி, சுருட்டாமல் அப்படியே காயவைத்து, காம்பையும் நரம்பையும் நீக்கினால் கிடைப்பது தென்ச்சா. அதைக் கருங்கல் எந்திரத்தில் அரைத்ததுதான் மாட்சா. உஜியில் ஓரிடத்தில் காசு கொடுத்தால் நாமே கல்லைச் சுற்றிப் பார்க்கலாம். ஆச்சி உளுந்து உடைக்கும் திருகைதான், அளவுதான் கொஞ்சம் சின்னது. அப்பா வேகமாகச் சுற்றினார், அங்கிருந்தவர் ஓடிவந்து தடுத்தார். வேகமாகச் சுற்றினால் கல் சூடாகும், சூடேறினால் வாசம் போய்விடும். மின்மோட்டாரில் ஓடும் கல்லுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. ஒரு கல், ஒரு மணி நேரம், சுமார் 40 கிராம். அவ்வளவுதான் கிடைக்கும். விலை ஏன் அப்படி என்று அப்பா அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

கடையில் என்ன பார்த்து வாங்குவது? 'சடங்குத் தரம்' என்று ஆங்கிலத்தில் டப்பாவில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஜப்பானில் அப்படி ஒரு அதிகாரப்பூர்வத் தரப்பிரிவு கிடையாது, வெளிநாட்டு விற்பனைக்காகப் பரவிய சொல் அது. இங்கே பழைய கடைகளில் கேட்கும் கேள்வி வேறு: உசுச்சாவுக்கா, கொய்ச்சாவுக்கா? உசுச்சா என்றால் நுரை வர அடித்துக் குடிக்கும் மெல்லிய தேநீர். கொய்ச்சா என்பது தூளை இரண்டு மடங்கு போட்டு, தண்ணீரைப் பாதியாக்கி, கூழ் மாதிரிக் குழைப்பது. அவ்வளவு கெட்டியாகக் குடித்தாலும் கசக்காத தூளைத்தான் கொய்ச்சாவுக்கு விற்பார்கள். ஆகவே கசப்பு உங்களுக்கு ஆகாது என்றால், கொய்ச்சாத் தூளை வாங்கி உசுச்சாவாகப் போடுங்கள். சமையலுக்கு என்று விற்பதைப் பாலிலும் கேக்கிலும் மட்டும் போடுங்கள்.

சின்ன டப்பாவே வாங்குங்கள். நான் 20 கிராமுக்கு மேல் ஒரு தடவையும் வாங்குவதில்லை, அது பத்து கிண்ணத்துக்கு வரும். 2024 இலையுதிர் காலத்தில் உலகம் முழுக்க மாட்சா கேட்டு, கியோட்டோவின் பெரிய கடைகளே ஆளுக்கு இத்தனை டப்பா என்று கட்டுப்பாடு வைத்தன. அப்போது பயந்து மொத்தமாக வாங்கிச் சேர்த்தவர்களை எனக்குத் தெரியும். திறக்காத டப்பா ஃபிரிட்ஜில் கொஞ்ச காலம் தாங்கும். உடைத்த டப்பா ஒரு மாதத்தில் தீர வேண்டும். காற்று, வெளிச்சம், சூடு, ஈரம், பக்கத்திலுள்ள பெருங்காயம், எல்லாமே அதற்கு எதிரிதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த தூளின் மேல் காற்றிலுள்ள ஈரம் வேர்த்து இறங்கிவிடும். ராத்திரியே வெளியே எடுத்து வைத்துக் காலையில் திறக்கிறேன். திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் தூளைச் சலிப்பது. இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். நானும் ஆறு வருடம் செய்யவில்லை. தூள் மிக நுண்ணியது, ஒரு துகள் 10 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அவ்வளவு பொடியாக இருந்தால் தானாகவே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். வெந்நீர் பட்டால் கட்டியின் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே காய்ந்த தூள் அப்படியே நிற்கும். அதைக் கடித்தால் வாயெல்லாம் மாவு, கசப்பு. டீ வடிகட்டும் சின்னக் கம்பிவலை போதும். கிண்ணத்தின் மேல் அதை வைத்து, 2 கிராம் தூளைப் போட்டு, கரண்டியின் அடிப்பக்கத்தால் மெல்லத் தேய்த்தால் கோலமாவு மாதிரி மிருதுவாக விழும். கிண்ணம் உலர்ந்திருக்க வேண்டும். முதலில் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சலிப்பது சென்செயின் முறை. 2 கிராம் என்பது சாஷாகு என்ற மூங்கில் கரண்டியால் குவியலாக இரண்டு. சாஷாகு இல்லாவிட்டால் டீஸ்பூனில் தலை தட்டி ஒன்று எடுத்து, ஒரே ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். அப்பா ஜெயித்த இடம் இதுதான்.

நான் கெட்டிலில் கொதித்த தண்ணீரை நேராகத் தூளின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடையில் அப்படித்தானே, பாய்லர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத்தானே துணி வடிகட்டியில் விழும்? அப்பாவிடம் கேட்டேன். "அது தூள வடிச்சுட்டுக் கீழ போடுறது. இது இலைய அப்படியே முழுங்குறது. ரெண்டும் ஒண்ணா?" என்றார். கொதிநீரில் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு வந்து நாக்கைப் பிடித்துவிடும், அடியில் இருக்கும் இனிப்பு தெரியவே தெரியாது. 80 டிகிரி என்று சென்செய் வகுப்பில் சொல்லியிருந்தார். என்னிடம் சமையல் தெர்மாமீட்டர் உண்டு, ஆனால் தண்ணீர் ஆறும் வரை பார்த்துக்கொண்டு நிற்கப் பொறுமை இருக்காது.

அப்பா அலமாரியிலிருந்து இரண்டு பீங்கான் கோப்பை எடுத்தார். கெட்டில் தண்ணீரை ஒன்றில் ஊற்றினார். அதிலிருந்து மற்றதற்கு, ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். டீ ஆற்றுகிற அதே கை. கடையை மூடி நான்கு வருடம் ஆகியும் மணிக்கட்டு கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் தெர்மாமீட்டரை வைத்தேன். முதல் கோப்பையில் 90 காட்டியது, இரண்டாவதில் 81. குளிர்ந்த பாத்திரத்துக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 10 டிகிரி இறங்கும். இதையே ஜப்பானிலும் செய்கிறார்கள், யுசமாஷி என்று ஆற்றுவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை வகுப்புக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் ஆற்றுவதைப் பார்த்த சென்செய் இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டுக் கை தட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

ஒரு கிண்ணத்துக்கு 70 மில்லி தண்ணீர். முதலில் சாதாரணத் தண்ணீர் ஒரு ஸ்பூன் விட்டு, தூளைப் பசை மாதிரிக் குழைத்துக்கொண்டு, அதற்கப்புறம் ஆற்றிய தண்ணீரை ஊற்றினால் கட்டி விழவே விழாது. இது சென்செயின் வழக்கத்தில் இல்லாதது, வீட்டில் நான் செய்துகொள்வது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். டோக்கியோ குழாய்த் தண்ணீர் மென்மையானது, குளோரின் வாடை போக நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும். அப்பா வந்த அந்த வருடம் டிசம்பரில் கோவில்பட்டிக்குப் போனபோது போர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அதே தூள், அதே கை. நுரை நிற்கவில்லை, வாசம் அமுங்கிப்போய், குடித்து முடித்ததும் நாக்கில் சுண்ணாம்பு. அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஆடை கட்டும், வாடிக்கையாளர் மறுநாள் வரமாட்டார் என்பார். கடைக்கென்று தாமிரபரணித் தண்ணீர் வரும் நாளில் குடம் குடமாகப் பிடித்து வைப்போம், அதைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு போனது. மறுநாள் அந்தத் தண்ணீரில் போட்டேன், டோக்கியோவில் குடித்ததற்குக் குறைவில்லை. உங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால், மாட்சாவுக்குக் கேன் தண்ணீர் எடுங்கள்.

கடைசியில் கை. நுரை அடிக்கும் மூங்கில் மத்துக்குச் சாசென் என்று பெயர். நாரா மாகாணத்தின் தகாயாமா என்ற ஊரில், ஒற்றை மூங்கில் துண்டை நுனியில் எண்பது, நூறு இழையாகக் கத்தியால் கீறிச் செய்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் எங்கேயும் பசை இல்லை, ஆணி இல்லை. இழைகளைப் பிரித்து நிறுத்துவது ஒரு நூல் மட்டும்தான். பேட்டரியில் சுற்றும் நுரைக்கம்பியும் வேலை செய்யும், ஆனால் அதில் வரும் குமிழி பெரிது, சீக்கிரம் உடையும். சாசெனை முதலில் ஒரு நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். காய்ந்த மூங்கிலால் அடித்தால் நுனி ஒடிந்து தேநீரில் விழும்.

நான் தயிர் கடைவது மாதிரி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வட்டம் போட்டால் தண்ணீர் சுழலுமே தவிர நுரை வராது. முன்னும் பின்னுமாக, நேர்கோட்டில் அடிக்க வேண்டும். தோள் அசையக் கூடாது, முழங்கை அசையக் கூடாது, மணிக்கட்டு மட்டும். சாசென் கிண்ணத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். சென்செய் என் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார், நான் தோளிலிருந்து அடித்தபோதெல்லாம் அந்தக் கையில் எடை ஏறும், உடனே விரலால் மெல்லத் தட்டுவார். மூன்று வாரம் அப்படித் தட்டு வாங்கிய பிறகு எடை ஏறாமல் அடிக்க வந்தது. பதினைந்து இருபது விநாடி வேகமாக, அப்புறம் சாசெனைக் கொஞ்சம் தூக்கி, நுரையின் மேற்பரப்பை மட்டும் தடவுகிற மாதிரி மெதுவாக. பெரிய குமிழிகள் அதில் உடைந்துவிடும். எங்கள் சென்செய் உரசென்கே என்ற தேநீர் மரபு, கிண்ணம் முழுக்க நுரை மூட வேண்டும். ஒமோதெசென்கே மரபில் ஒரு ஓரத்தை நுரையில்லாமல் பிறை நிலா மாதிரி விடுவார்கள். டிகிரி காப்பி நுரையைப் போல மேலே பொங்கி நிற்காது இது, படிந்து கிடக்கும் நுரை. உதட்டில் படும்போது கஞ்சி ஆடை போல மெத்தென்று இருந்தால் சரியாக வந்திருக்கிறது.

கிண்ணம் அகலமாக, அடி தட்டையாக இருக்க வேண்டும். டம்ளரில் அடிக்க முடியாது. சாவன் என்ற மாட்சாக் கிண்ணம்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, குழம்புக் கிண்ணம் அளவில் பீங்கான் எது இருந்தாலும் சரி. சாசெனைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், வெந்நீரில் அலசி, காற்றாட நிறுத்தி வையுங்கள். என் முதல் சாசெனை ஜூன் மழைக்காலத்தில் ஈரத்தோடு பிளாஸ்டிக் குழாயில் போட்டு மூடிவைத்தேன். பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது, தூக்கிப்போட மனசே வரவில்லை.

ஜப்பானில் இனிப்பைத் தேநீருக்கு முன்பே சாப்பிட்டுவிடுவார்கள், கூடவே கடித்துக்கொண்டு குடிப்பதில்லை. வாயில் இனிப்பு மிச்சமிருக்கும்போது மாட்சா வந்து அதைக் கழுவும். சர்க்கரை சேர்க்காமலே குடிக்க முடிவது இதனால்தான். அப்பா கொண்டுவந்திருந்த கடலை மிட்டாயை ஒரு வகுப்புக்கு எடுத்துப் போனேன். கரிசல் மண் கடலையும் வெல்லமும். எல்லோரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்கள். வறுத்த கடலை வாசத்துக்கு மேல் மாட்சா அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்தது. இப்போதும் வீட்டில் எனக்கு அதுதான்.

பாலில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 3 கிராம் தூளைச் சலித்து, 40 மில்லி ஆற்றிய வெந்நீரில் நன்றாக அடித்துக்கொண்டு, அதன்மேல் 150 மில்லி இளஞ்சூடான பாலை ஊற்றுங்கள். தூளை நேராகப் பாலில் போட்டால் கரையாது. இன்னொன்று, 2 கிராம் மாட்சாவிலேயே 60 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் உண்டு. நான் மாலை நான்கு மணிக்கு அப்புறம் குடிப்பதில்லை.

டிசம்பரில் கோவில்பட்டிக்குப் போனபோது இரண்டு டப்பாவும் ஒரு சாசெனும் அப்பாவுக்கென்றே வாங்கிப் போயிருந்தேன். மே மாதம் பறித்த இலையை ஜாடியில் மூடிவைத்து, நவம்பரில்தான் முத்திரை உடைப்பது தேநீர் மரபு. கோடை முழுக்க அடங்கி இருந்ததில் காரம் தணிந்து சுவை ஏறியிருக்கும். டப்பாவைக் கொடுத்தபோது அப்பா வழக்கம்போல முகர்ந்தார், தலையை ஆட்டினார், அடியில் தேதி எழுதப் பேனா கேட்டார்.

ஜனவரியில் அம்மா போன் பண்ணினாள். "ஒங்கப்பா காலைல நாலு மணிக்கே எந்திரிச்சு ரெண்டு டம்ளர்ல வெந்நிய ஆத்திக்கிட்டு நிக்காரு. சத்தத்துல தூக்கம் போகுது." நாலு மணி என்பது அவர் கடை திறந்துகொண்டிருந்த நேரம்.